தெமிஸ் அம்மனுக்குக் கண் திறந்தார்கள்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த சிற்றூர் ஒன்றில் பழைய நீதிமன்றக் கட்டடத்தைத் தமிழ்ச் சங்கம் வாங்கியபோது, தெமிஸும் அதனோடு சேர்ந்து வந்தாள்.

ஆளுயரச் சிலை. ஒரு கையில் தராசு, கண்களை மறைத்து ஒரு கட்டு, பீடத்தில் பெயர். கிரேக்கரின் நீதித் தெய்வம், தேவர்களும் மனிதர்களும் ஓர் ஒழுங்கில் நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டவள் என்றெல்லாம் சட்டம் படிக்கும் துவாரகா விளக்கினாள். பெண்கள் அதில் ‘தெய்வம்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை தெமிஸின் நெற்றியில் குங்குமம் இருந்தது. கழுத்தில் மாலையும் ஏறியது.

ஆனால், கண்ணில்லாத தெய்வத்தை எப்படிக் கும்பிடுவது? காற்றாலைத் தொழிற்சாலையில் வர்ணம் பூசும் சிவபாலனைப் பிடித்தார்கள். அவர் விரதமிருந்து வந்து, அந்தக் கட்டின் மேலேயே இரண்டு அகன்ற விழிகளை வரைந்தார். கோயிலில் செய்வதுபோல முதலில் கண்ணாடியைக் காட்டித்தான் கண் திறந்தார்கள்.

துவாரகா சிரித்தாள். “பிழை இல்லை அன்ரி. கிரேக்க காலத்தில அவவுக்குக் கண்கட்டே இல்லை. பிறகு வந்த ஆக்கள்தான் கட்டினவை.”

அதன்பின் சங்கத்தில் என்ன பிணக்கு வந்தாலும் தெமிஸ் அம்மன் முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்வது வழக்கமாயிற்று. பெரிய இட்லிச் சட்டியை யார் கொண்டுபோனது, யாருடைய கார் யாருடைய காரை உரசியது, எல்லாம் அங்கேதான் தீர்ந்தன. இப்போது புஷ்பராணியின் முறை.

அவளுடைய உயிர்த்தோழி அருமைநாயகியின் மகள் அபிதாவுக்கு பிரெடெரிசியா நகரிலிருந்த ரஜீவனைப் பேசி முடித்திருந்தார்கள். மண்டபமும் பிடித்தாயிற்று. திடீரென்று மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். பெண்ணுக்கு விருப்பமில்லை என்று யாரோ தொலைபேசியில் சொன்னார்களாம். யார் என்று ரஜீவனின் தாய் சின்னமணி சொல்ல மறுத்துவிட்டாள். வீட்டு விஷயமெல்லாம் தெரிந்தவள் என்பதால் அருமைநாயகி புஷ்பராணியைச் சந்தேகித்தாள். முதியோர் இல்லத்து வேலைக்கு வருடக்கணக்காக ஒரே காரில் போய்வந்த இருவரும் தனித்தனிக் காரில் போகத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து, சொன்னது நான் இல்லை என்று அம்மன் முன்னால் சத்தியம் செய், இல்லாவிட்டால் என் வாசலை மிதிக்காதே என்று அருமைநாயகி சொல்லியனுப்பினாள்.

சொன்னவள் புஷ்பராணிதான். சொல்லச் சொன்னவள் அபிதா. அம்மாவிடம் பேசத் தைரியமில்லை, என் பெயர் வெளியே வரக்கூடாது என்று அவள் அழுதபோது, புஷ்பராணி வாக்குக் கொடுத்துவிட்டாள். பொய்ச் சத்தியம் செய்தால் தெய்வக் குற்றம். உண்மையைச் சொன்னால் பிள்ளையைக் காட்டிக்கொடுத்ததாகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் தோழி போய்விடுவாள்.

சனிக்கிழமை காலை வேலை முடிந்து வந்தவள் சோபாவில் சாய்ந்தாள். வெளியே மூடுபனி, வயலும் வீதியும் ஒரே பால் நிறத்தில் கரைந்துகொண்டிருந்தன. கண் எப்போது மூடியதென்று தெரியாது. தெமிஸ் வாசலில் நின்றாள். உடையின் ஓரம் பனியில் நனைந்திருந்தது. கையில் தராசு இல்லை. சிவபாலன் வரைந்த விழிகள் மெல்ல இமைத்தன. யார் பக்கம் நியாயம் என்று புஷ்பராணி கேட்டாள். தெமிஸ் வெளியே இறங்கி நடந்தாள். வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். தட்டிய கதவுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் குளிர் அங்கியோடு இறங்கி வந்தார்கள். பனிக்குள் கால் தரையில் படாததுபோல மிதந்து போய் வயலின் நடுவில் வட்டமாக நின்றார்கள். வட்டத்தில் ஓரிடம் வெறுமையாக இருந்தது. தெமிஸ் அந்த இடத்தைப் பார்த்தபடியே காத்திருந்தாள். உலகமே அவளோடு காத்திருந்தது.

விழித்ததும் புஷ்பராணி அபிதாவை அழைத்தாள். உன் பெயரை நான் சொல்லமாட்டேன், ஆனால் நாளைக்கு நீயும் வந்து நில் என்றாள். முடியாது என்று டேனிஷில் சொல்லிவிட்டு அபிதா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமையும் பனி விலகவில்லை. மண்டபத்துக்குள் வந்த மங்கல் வெளிச்சத்தில் அம்மனின் விழிகள் மட்டும் கறுப்பாக மின்னின. அருமைநாயகி கற்பூரத் தட்டோடு நின்றாள்.

“கொளுத்த வேண்டாம் அருமை,” என்றாள் புஷ்பராணி. “நான்தான் சொன்னனான்.”

“ஏன்?”

“அதைச் சொல்லமாட்டன். ஒராளுக்கு வாக்குக் குடுத்திட்டன்.”

அருமைநாயகி தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். “ஒரே காரில வந்தனீர். என்ர பிள்ளையின்ர வாழ்வில கை வைக்கவோ வந்தனீர்?”

புஷ்பராணி தலை குனிந்து நின்றாள். தோழி போய்விட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது. அருமைநாயகி கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

வாசலில் அபிதா நின்றாள். தலைமுடியெல்லாம் பனித்துளி. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“அன்ரியைப் பேசாதேங்கோ அம்மா. நான்தான் சொல்லச் சொன்னனான்.”

“எனக்குச் சொல்லியிருக்கலாமே?”

“நீங்கள் கேக்கேல்லையே. எந்தக் கலர் சாறி எண்டுதான் கேட்டனீங்கள்.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அருமைநாயகி மகளைப் பார்த்தாள், புஷ்பராணியைப் பார்த்தாள். பின்பு வேறெதுவும் தோன்றாதவள்போல அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“புஷ்பம், நீரும் வந்து இரும்,” என்றாள். மகளின் ஈரக் கையைப் பிடித்தாள். “இப்ப கேக்கிறன். சொல்லு.”

அபிதா டேனிஷில் தொடங்கினாள். தமிழில் சொல் என்று அருமைநாயகி சொல்லவில்லை.