லங்காமோ வீட்டுக் கத்திப்பிடி

கிஃபாட்டா புத்தாண்டுப் பண்டிகைக்கு மாட்டை அறுத்தாகிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் பச்சைக்கறி தின்ன வந்து உட்கார்ந்தும் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து லங்காமோவின் கத்தி பிடியை விட்டுக் கழன்று கறிக்குள் விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? பட்டறையில் வெறும் அலகை மட்டும் வாங்கி வந்து, கொல்லர் கை பட்ட பிடியைத் தொடமாட்டேன் என்று பச்சை யூகலிப்டஸ் கொம்பைத் தானே சீவிச் செருகிக்கொண்ட மகான் அவர். மரம் காய்ந்ததும் பிளந்துவிட்டது. வீட்டில் மற்றதெல்லாம் மொண்ணைக் கத்திகள்.

ஆள் அனுப்பிக் கொல்லர் தெரு ஜெர்கிட்டுவை அழைத்தார்கள். புருஷன் போனபின் பட்டறை அவள் கையில்தான். காய்ந்த ஒலிவக் கட்டையில் பிடி செதுக்கி, மெல்லிய துளை போட்டு எடுத்துக்கொண்டு, கொட்டும் மழையில் வந்து நின்றாள்.

“அங்கேயே நில்லு, உள்ள வராத” என்றார் லங்காமோ. கொல்லர் ஜனம் உழவர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. விருந்தென்றால் வேலியோரம் இலைத்துண்டில் எதையாவது வைப்பார்கள்.

“பிடிக்குள்ள போற கத்தி வாலப் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டோட கட்டைக்குள்ள இறக்கணும். நெருப்பு எங்க இருக்கு?”

“உள்ள, அடுப்புல.”

“அப்ப நானும் உள்ளதான்.”

“தணல வெளிய அள்ளித் தரச் சொல்றேன்.”

ஓட்டில் அள்ளிய தணல் வாசலிலேயே மழை பட்டுப் புஸ்ஸென்று அணைந்தது. உள்ளே ஒரு பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்குத் திரும்பிப் போனால் சாகும்வரை வேலியோரம்தான் என்று ஜெர்கிட்டுவுக்குத் தோன்றியது. வாசலைத் தாண்டினாள்.

“ஏய், தீட்டு!”

“நான் அடிச்ச அலகு உங்க வாய் வரைக்கும் போகுது. அப்பல்லாம் தீட்டு எங்கய்யா போயிருந்துச்சு?”

அவள் அலகை ஈரத்துணியில் சுற்றி, வாலை மட்டும் தணலில் செருகினாள். செக்கச்செவேலென்று ஆனதும் துளையில் வைத்து அழுத்தினாள். கட்டை புகைந்தது. பிடியின் அடியைக் கல்லில் தட்டத் தட்ட, வால் இறுகிக் கவ்வியது. ஆறியதும் அசைத்துப் பார்த்தாள். இம்மியும் ஆடவில்லை.

“சரி, வச்சிட்டுக் கெளம்பு.”

“புதுப்பிடியச் சோதிக்காம குடுக்கறதில்ல.”

தொங்கிய மாட்டுத் தொடையில் ஒரு துண்டை அறுத்தாள். மிளகாய்ப்பொடியில் தோய்த்துத் தன் வாயில் போட்டு, எல்லோரும் பார்க்க நிதானமாக மென்றாள். அவ்வளவு ருசியான கறியை அவள் தின்றதேயில்லை.

இன்னொரு துண்டை அறுத்தாள். பிரியமானவர்களுக்கு ஊட்டுவதுபோல, விரல்களால் லங்காமோவின் வாயருகே நீட்டினாள்.

“நான் தொட்டது தீட்டுன்னு திங்கலன்னா சொல்லிருங்க. மொத்த மாட்டையும் எங்க தெருவுக்குத் தூக்கிட்டுப் போறோம்.”

லங்காமோ பெரியவர்களைப் பார்த்தார். பெரியவர்கள் கறியைப் பார்த்தார்கள். சிரித்த கிழவர் பொறுக்கமாட்டாமல் கத்தினார்: “வாயத் தொறய்யா, அடுத்தது எனக்கு!”

லங்காமோ வாயைத் திறந்தார்.