ரோதமுனியைக் கேட்காமல் எடுத்த எஞ்சின்

கோகுலராஜின் சிவப்புக் காரில் ஹட்டனுக்குப் போய் வந்த செல்லசாமி, ஏறும்போது எழுபத்தொரு கிலோ இருந்தார், இறங்கும்போது அறுபத்தாறு கிலோ இருந்தார். நிறுத்தது கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு. அந்தத் தராசு குறைத்துக் காட்டும் என்பது தோட்டமே அறிந்த சங்கதிதான், ஆனால் அது கொழுந்தைத்தான் குறைக்கும், ஆளைக் குறைத்ததில்லை. செல்லசாமியின் சாரம் இடுப்பில் நிற்கவில்லை. உதடு வெடித்துக் கிடந்தது. மேலெல்லாம் புதுத் தேயிலை வாசம் அடித்தது.

நோர்வூட்டுக்கு அப்பால், பள்ளத்தில் கிடக்கும் அந்தத் தேயிலைத் தோட்ட டிவிசனிலிருந்து வெளியே வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஆற்றோரமாகப் போகும் கீழ் ரோடு. நாலு நாள் மழை பெய்தால் மண் சரிந்து அடைத்துக்கொள்ளும். மற்றது மொட்டப்பாறை வளைவின் மேல் ஏறும் குறுக்கு ரோடு. அதில் ஆடு ஏறுவதே பெரிய காரியம். இரண்டாயிரத்துப் பதினைந்தில் கோகுலராஜின் மனைவி பூரணிக்கு வலி கண்டபோது கீழ் ரோடு அடைத்திருந்தது. அவனுடைய குட்டிக் கார் மொட்டப்பாறையில் பாதி ஏறி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி மழையில் தள்ளினார்கள். பிள்ளை அந்த மேட்டிலேயே பிறந்தது, அழவில்லை. தள்ளியவர்களில் ஒருவரும் இன்றுவரை அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பூரணி மறுபடி உண்டானதும் கோகுலராஜ் பயந்தான். பயந்தவன் சும்மா இருப்பானா? பதினொரு வருடமாக மூடிக் கிடந்த ஸ்டோரில் — தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள் — கொழுந்து வாட்டும் காற்றாடிகளையும் அரைக்கும் ரோலர்களையும் ஓட்டிய டீசல் எஞ்சின் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. பழைய இரும்பு விலைக்கு அதை வாங்கினான். ஹட்டனில் கராஜ் வேலை பார்க்கும் பூரணியின் அண்ணன் அழகுமுத்து பதினைந்து நாள் லீவு போட்டு வந்தான். அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த சவுக்கு மரத்தில் சங்கிலியைக் கட்டினார்கள். காரின் சொந்த எஞ்சினை இரண்டு பேர் தூக்கி ஓரமாக வைத்தார்கள். புதியதைத் தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. பொனட்டை வெட்டி மேலே தகரத்தைக் கவிழ்த்தார்கள், முன்பக்கம் படுத்துவிட்டதால் லொறி ஸ்பிரிங் வில்லுகளைப் பூட்டினார்கள், எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைத்த இரும்புத் தகடு இரண்டு தரம் விண்டு மூன்றாம் தரம் நின்றது. ஸ்டார்ட் பண்ணியபோது லயத்தின் இருபது காம்பிரா வீடுகளின் கூரையும் அதிர்ந்தது. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கார் மொட்டப்பாறையில் மூச்சுவிடாமல் ஏறியது.

"மச்சான், இனி என் தங்கச்சி நடுரோட்டுல கெடக்க மாட்டா" என்றான் அழகுமுத்து. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிழை நடந்தது அதற்கு முன்னாலேயே. ஸ்டோரில் ஒரு பெல்ட் பட்டி கழற்றுவதென்றாலும் அங்குள்ள ரோதைகளை, அதாவது சக்கரங்களை, காக்கும் ரோதமுனிக்கு வெற்றிலை வைத்துக் கேட்டு, சேவல் அறுத்துத்தான் கழற்றுவார்கள். இவர்கள் இரண்டு பேரும் என்ன நினைத்தார்கள் என்றால், எஞ்சின் இனிமேல் கார் எஞ்சின், காருக்குப் பிள்ளையார் போதும் என்று நினைத்தார்கள். ரோட்டோரப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து காரின் நாலு சில்லுக்கு அடியிலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். எஞ்சினிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது தன் பாட்டுக்கு ஸ்டோரில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. ஏற்றியதையெல்லாம் கொழுந்து என்று எண்ணி வாட்டியது. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை, அதுதான் அதற்குத் தெரிந்த வேலை. முன் சீட்டில் இருப்பதை முதலில் எடுக்கும், அது தீர்ந்த பிறகு பின் சீட்டுக்குப் போகும். ஓட்டுகிறவனை மட்டும் தொடாது, ஸ்டோரிலும் எஞ்சின்காரனை அது தொட்டதில்லை. செல்லசாமி முன் சீட்டில் இருந்தவர்.

விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய்ச் சேவல் அறுத்தார்கள். முனி சேவலை வாங்கிக்கொண்டது, எஞ்சினுக்கு ஒன்றும் சொல்லவில்லை. காரைப் படங்குத் துணியால் மூடிப் போட்டார்கள். அதைத் தாண்டிப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகவே பெண்கள் பயந்தார்கள். பூரணி மட்டும் தினமும் அதைப் பார்த்தபடி வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றாள்.

மூன்று வாரம் முந்தியே வலி கண்டது. பகல் பதினொரு மணி, ஐந்தாம் நாள் மழை, கீழ் ரோடு அடைத்துவிட்டது. ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் சரிந்த மண்ணுக்கு முன்னால் நின்றது.

"அந்தக் கார்ல ஏத்தாதீங்க, புள்ள காஞ்சு போயிரும்" என்று பூரணி கும்பிட்டாள். ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். கோகுலராஜின் கையிலிருந்து சாவி இரண்டு தரம் கீழே விழுந்தது. அப்போது மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். ராசம்மா தன் கூடைக் கொழுந்தை முன் சீட்டில் கொட்டினாள். "தின்னட்டும், இதத் தின்னுட்டு எங்க புள்ளைய விடட்டும்" என்றாள். பதினாறு பேர் அன்றைய நிறைக்குப் பறித்த கொழுந்தையெல்லாம் சாக்கில் அடைத்து முன்னால் திணித்தார்கள். மழைக்கு முன்னமே தங்கச்சியைப் பார்க்க வந்திருந்த அழகுமுத்து சாவியை வாங்கி ஓட்டினான். கோகுலராஜ் பின்னால் பூரணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

படங்குக்குள் பட்டினி கிடந்த எஞ்சின் நன்றாகத் தின்றது. சாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொய்ந்தன. மொட்டப்பாறை வளைவில் ஏறி முடிக்கும்போது முன் சீட்டில் கறுத்த தேயிலைதான் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஏழு மைல். பூரணியின் வளையல் முழங்கைக்கு நழுவியது.

"என்னங்க, நாக்கு வரளுது. வகுத்துல அசையவே மாட்டேங்குது" என்றாள்.

கோகுலராஜ் அவளைச் சாய்த்து உட்கார வைத்தான். சீட்டைத் தாண்டி முன்னால் போய்த் தேயிலை மேல் உட்கார்ந்தான்.

"மச்சான், வேணாம் மச்சான்!"

"நிப்பாட்டாம ஓட்டுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் பூரணியை இரண்டு பேர் இறக்கினார்கள். கோகுலராஜை அழகுமுத்து ஒரு கையால் தூக்கி வாசல் வாங்குப் பலகையில் வைத்தான். பெண்பிள்ளை, பிறந்ததும் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது. தாதி வெளியே வந்தபோது கோகுலராஜ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எத்தன கிலோங்க?"

"ரெண்டு கிலோ எண்ணூறு."

அவன் அழ நினைத்தான். கண்ணில் தண்ணீர் வரவில்லை.

ஏறும்போது அறுபத்துமூன்று கிலோ இருந்தவன் அதற்குப் பிறகு பதினான்கு கிலோதான். உயரம் குறையவில்லை. எவ்வளவு சோறு போட்டும் ஏறவில்லை. அந்தக் கார் இன்றும் டிவிசன் நோயாளிகளைக் கொண்டுபோகிறது, முன் சீட்டில் பத்துச் சாக்குக் கொழுந்து இல்லாமல் கிளம்புவதில்லை. அழகுமுத்து வேலையை விட்டு வந்து அதை ஓட்டுகிறான்; கிளச்சை மிதிக்கக் கோகுலராஜுக்குப் பாரம் போதாது. ஆடிக் காற்றில் அவனுடைய கோட்டுப் பைகளில் பூரணி கல் போட்டு அனுப்புகிறாள். வீடு திரும்பும்வரை வாசலைவிட்டு அகலமாட்டாள்.

மகள் ஜெயந்தினிக்கு இப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் மொட்டப்பாறை வழியாக அவள்தான் அப்பாவை இடுப்பில் வைத்துத் தூக்கிப் போகிறாள்.

"எறக்கி விடு புள்ள, நா நடந்து வாரேன்."

"காத்தடிக்குதுப்பா. பேசாம கழுத்தப் புடிச்சிக்கங்க."

அவன் பிடித்துக்கொள்கிறான். எதிரில் கொழுந்துக் கூடையோடு வருகிறவர்கள் வழிவிட்டு ஒதுங்கி, மழை வருமா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.