மழை நாளில் விற்ற பங்குகள்

பழவேற்காட்டை ஒட்டிய குப்பத்தில் துளசிங்கத்துக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு இருந்தது. கரையேறி வலையைக் காயப் போட்டதும் கைப்பேசியில் பங்குச் சந்தையைப் பார்ப்பான். மகள் தேவதர்ஷினியை நர்சிங் படிக்க வைக்க வேண்டும் என்று, மிச்சம் பிடித்ததை ஒரு சிமெண்ட் கம்பெனிப் பங்கில் போட்டு வைத்திருந்தான்.

ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தது. ஐந்து நாள் ஒரு படகும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. கரண்ட் இல்லை. துளசிங்கம் சுவரோரம் குந்தி, மிச்சமிருந்த சார்ஜில் விலையைப் பார்த்தான். கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எல்லாம் போச்சு இந்திரா. இன்னும் இறங்கும்" என்றான் மனைவியிடம். இந்திராணி பதில் சொல்வதற்குள் அத்தனையையும் விற்றுவிட்டான்.

வானம் வெளுத்த மறுவாரமே அந்தப் பங்கு மளமளவென்று ஏறியது. துளசிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"புள்ள படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேன்."

இந்திராணி அவனைத் திட்டவில்லை. மகளைக் கூப்பிட்டு, அவன் இதுவரை விற்ற தேதிகளையெல்லாம் கைப்பேசியில் பார்த்துப் படிக்கச் சொன்னாள். ஒவ்வொரு தேதியும் இந்திராணிக்கு நினைவிருந்தது. ஒன்று மழையும் காற்றுமாய் முகத்துவாரத்தில் அலை புரட்டிய நாள். இன்னொன்று தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்ற நாள்.

"நாலு தபா வித்துக்கீறய்யா. நாலும் மழை நாளு."

"மழைன்னா விலை இறங்குது, இன்னா பண்றது?"

"மழை நம்ம ஊர்ல. உன் மார்க்கெட்டு மும்பைல. அங்க வெயிலு காஞ்சிருக்கும்."

துளசிங்கம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"கடலுக்குப் போவாம குந்தினா எல்லாமே முழுவுற மாதிரிதான் தோணும். எனக்கும் அப்படித்தான் கீது" என்றாள். அதைக் கேட்டதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே பங்கை ஏறிய விலைக்குத் திரும்ப வாங்கியதில், முன்பைவிடக் குறைவான பங்குகள்தான் கிடைத்தன. படகு இறங்காத நாளில் கைப்பேசி இந்திராணியிடம் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். கார்த்திகையில் மறுபடி மழை பிடித்தது. முதல் நாள் இரண்டு முறை கேட்டான், தரவில்லை. மறுநாள் ஒரு முறை கேட்டான். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். விலை இறங்கித்தான் இருந்தது. மாதக் கடைசியில் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

தையில் ஒரு நாள் பளீரென்று வெயில். வலை நிறைய இறால். துளசிங்கம் ஈரக் காலோடு வீட்டுக்கு ஓடி வந்தான். கடலுக்குப் போகையில் கைப்பேசியை இந்திராணியிடம் விட்டுவிட்டுத்தான் போவான்.

"போனைக் குடு. இருக்கிறதெல்லாம் போட்டு வாங்கப் போறேன்!"

"இன்னிக்குத் தர மாட்டேன்."

"இன்னாத்துக்கு? வெயில்தானே அடிக்குது!"

"அதனாலதான்யா. வெயிலும் நம்ம ஊர்லதான் அடிக்குது."

அவன் முறைத்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் நிதானமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்துக் கொஞ்சமாக வாங்கினான்.

அந்த வருடம் தேவதர்ஷினி பொன்னேரியில் நர்சிங் சேர்ந்தாள்.