ஜெபவீட்டுப் பையில் கடை ராகி

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த கோரமண்டல் லைனில் எங்கள் கூழ்க்கடை, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டுக்குப் போகும் பாதையில் இருந்தது. ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்கள் முதலில் எங்கள் கடையில்தான் உட்காருவார்கள். ரயில் வந்ததற்கு மறு வருஷம், ஐப்பசி மழையில் கடையின் மண்சுவர் ராகி மூட்டைகள்மேல் சரிந்தது. ஒரு படி ராகிகூடத் தேறவில்லை.

"நாலு வூட்ல கேட்டுப் பாக்கறேன்" என்றார் என் கணவர் சாம்ராஜ்.

"காசுக்கு விக்கிற கடைக்கு யாருங்க சும்மா குடுப்பாங்க?"

"கேட்டாத்தானே தெரியும், ஐடா."

எங்கள் ஜெபவீட்டில் பிடி காணிக்கை வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி தானியத்தைத் தனியே எடுத்து வைப்பார்கள். சனிக்கிழமைதோறும் வீடுவீடாகப் போய் அதை வாங்கி வருவது அவர் வேலை. எங்கள் சாக்கெல்லாம் சேறாகிக் கிடந்ததால், அன்றைக்கு அந்தக் காணிக்கைப் பையையே எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் சிரித்த முகமாகத் திரும்பினார். பை முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"ஒருத்தர்கூட இல்லேன்னு சொல்லலை!"

"கடைக்குன்னு சொன்னீங்களா?"

சிரிப்பு நின்றது. பையின்மேல் நான் தைத்திருந்த சிவப்புச் சிலுவையைப் பார்த்தார். அவர் கூச்சக்காரர். கடைக்கு என்று சொல்லாமலே வாசலில் பையோடு நின்றிருக்கிறார். காணிக்கை என்று நினைத்து வழக்கம்போலப் போட்டிருக்கிறார்கள்.

"கர்த்தருக்குன்னு போட்டதை நான் காச்சி விக்கறதா?" என்று எழுந்தார். தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன்.

குழாயடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், ராகி போட்டவர்களில் ஒருத்தியான வெங்கடம்மா பிடித்துக்கொண்டாள். "இன்னா சாம்ராசு, கோயில் பையில கடைக்கு வசூலா? லாபம் வந்தப்போ எங்களக் கூப்ட்டுப் பங்கு வெச்சியா?"

"இல்லக்கா."

"காசு இல்லாம ஒரு கலயம் ஊத்தியிருப்பியா?"

"அதுவும் இல்லக்கா."

யாரோ சிரித்தார்கள். எனக்குத்தான் முகம் எரிந்தது. ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதா இந்த மனிதர்!

"எங்க ராகியத் திருப்பிக் குடு, போ."

"எல்லாம் கலந்து கெடக்குதே, யார் ராகி எதுன்னு பிரிப்பேன்? ஜெபவீட்டுலயே கொட்டிடறேன்" என்றார்.

கொட்டிவிட்டு, காலிப் பையை அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டுக் குழாயடிக்குத் திரும்பி வந்தார். தோள் துண்டை எடுத்து இரு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"இது கடைக்கு. லாபத்துக்கு விக்கிற கடைதான். ராகி இல்லேன்னா நாளைக்கு அடுப்பு எரியாது. முடிஞ்சவங்க குடுங்க."

இரண்டு பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பாக்கியவதி அக்கா வந்தாள். அவள் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போகிறவர். வீட்டிலிருந்து முறம் நிறைய ராகி கொண்டுவந்து துண்டில் சரித்தாள்.

"காசு வாங்கறவன்தான். ஆனா எங்க வூட்டு மனுசன் நனைஞ்சு நடுங்கி மேல வர்றப்போ சூடா ஊத்தறதும் இவன்தானே" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "நாளைக்கும் காசு வாங்குவியாடா?"

"வாங்குவேன்க்கா."

"திமிரப் பாரு!" என்று வெங்கடம்மாவே சிரித்துவிட்டாள். அவளும் ஒரு பிடி போட்டாள்.

பையில் விழுந்ததில் பாதிகூடத் துண்டில் சேரவில்லை. ஒரு பானைக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் விடியற்காலை அவர் கூழ் துழாவினார், நான் வெங்காயம் உரித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை ராகியில் முதல் பிடி காணிக்கைப் பைக்குத்தான் போயிற்று.

ஐந்தாம் வருஷம் காய்ச்சலில் அவர் போய்விட்டார். கடையைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. ஊருக்கே போய்விடலாம் என்று மூட்டை கட்டி வைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் பாக்கியவதி அக்கா முறத்தோடு வந்து நின்றாள். பின்னால் வெங்கடம்மாவும் இன்னும் சிலரும்.

"முந்தானையப் புடி ஐடா. இது கோயிலுக்கு இல்ல, கடைக்கு. மொதல்லயே சொல்லிட்டேன். அப்புறம் உங்க வூட்டுக்காரர் மாதிரி திருப்பிக் குடுக்க வந்து நிக்காத."

அழுதுகொண்டே சிரித்தேன். முந்தானையை விரித்தேன். விடியற்காலைக் கூழுக்காக அன்று மாலையே பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.