பன்னிரண்டரைப் படகு

ஜூன் 9, திங்கட்கிழமை காலை, துறைமுகத்தின் இரண்டு படகுத்துறைகளிலும் போக்குவரத்துக் கழகம் ஓர் அறிவிப்பை ஒட்டியது. வியாழக்கிழமை ஒவ்வொரு நடையிலும் ஆட்களை எண்ணுவார்கள். இருபது பேருக்குக் குறைவாக ஏறும் நடை நிறுத்தப்படும்.

தென்கரை மாவு மில்லில் மூட்டை தைப்பவள் அதை இரண்டு முறை படித்தாள். வீடு வடகரையில். கிரேனிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த கணவன் அங்கே தனியாகப் படுத்திருப்பான். சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம். பன்னிரண்டரைப் படகில் போய், அவனைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டிவிட்டு, ஒன்று பத்துப் படகில் திரும்புவாள். படகுக்கு எட்டு நிமிடம். பாலம் வழியாகச் சுற்றிப்போகும் பேருந்துக்கு, கன்டெய்னர் லாரிகள் வழிவிட்டால், ஐம்பது. மதிய நடையில் வழக்கமாக ஆறு பேர்தான் வருவார்கள்.

மில்லில் நான்கு பேரிடம் சொல்லிவைத்தாள். அவர்கள் பக்கத்துக் கப்பல் பழுதுபார்க்கும் தளத்திலும் சொன்னார்கள்.

வியாழனன்று மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு கூட்டம் படகுத்துறைக்கு இறங்கி வந்தது. டிக்கெட் கொடுப்பவனுக்குச் சங்கு என்று பெயர். அவன்தான் புறப்படும்போது ஹாரன் அடிப்பவன்.

“என்னக்கா, கல்யாண வீடு மாதிரி கூட்டிட்டீங்க?”

“நாலு பேரத்தான் கூப்பிட்டேன் தம்பி.”

“சார், என் வயித்தத் தனியா எண்ணுங்க,” என்றான் ஒரு வெல்டர். படகே சிரித்தது. கணக்கெடுக்க வந்தவரும் சிரித்தார்.

வடகரையில் இறங்கியதும் அவரிடம் போய் நின்றாள்.

“எத்தனை சார்?”

“அறுபத்து மூணு.”

“அப்ப போதும்ல?”

அவர் படகின் பக்கவாட்டைக் காட்டினார். ‘அதிகபட்சம் 40 பேர்.’ அந்த எழுத்தை அவள் ஒன்பது வருடமாகப் பார்த்து வந்திருக்கிறாள்.

“எழுதாம விட முடியாதும்மா. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலையிலதான் விடியும்.”

“மத்த நாள்ல ஆறு பேருதான் சார் வருவோம்.”

“அதையும் எழுதட்டுமா?”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு நாற்பது. வீட்டுக்கு நடந்தாள்.

பாதுகாப்புக் காரணங்களுக்காகப் படகுச் சேவை முழுவதும் வெள்ளிக்கிழமை மாலையோடு நிறுத்தப்பட்டது. திங்கட்கிழமை பேருந்து நிறுத்தத்தில் வெல்டர் அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றான். அன்று மதியம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. மாலையில் புரட்டியபோது கணவனின் முதுகில் ஓரிடம் சிவந்து தோலுரிந்திருந்தது.

ஜூன் 23 அன்று மில் வாசலில், மூட்டை தைக்க ஆள் தேவை என்று ஓர் அட்டை மாட்டினார்கள்.