காக்காப்பொன் அம்மி

வெள்ளைக்காரன் கொடியை இறக்கிய வருசம் பூரணிக்குக் கலியாணம். அவள் மிதித்தது மினுங்குகிற அம்மி. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் அப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை. மாப்பிள்ளை சின்னராசா தோட்டத்து ரோட்டுக்குக் கல்லுடைக்கிறவன். தன் பெண்டாட்டி கால் வைக்கப்போகிற கல்லாயிற்றே என்று, காக்காப்பொன் அப்பிக்கிடந்த பாறையைத் தேடிப்பிடித்துத் தானே அடித்த அம்மி அது.

அந்தக் கல் அரைக்க ஆகாது என்று அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மலையை வெட்டிய இடத்தில் தினமும் பார்ப்பதுதானே. அடியில் உளியை மழுக்கும் கருங்கல். அதன்மேல் ஏடு ஏடாகக் காக்காப்பொன் கல். அதற்கும் மேலே, கையால் பிசைந்தால் உதிர்கிற உக்கின கல். உச்சியில் தேயிலை நிற்கிற செம்மண். அந்த மண்ணும் ஒருகாலத்தில் கல்லாக இருந்ததுதான்.

ரோட்டு அளக்க வந்த சர்வேயர் ஐயா சொன்னதை அவன் புதுப்பெண்டாட்டியிடம் பெருமையாக ஒப்பித்தான்.

"இந்தக் கல்லு முன்னாடி ஆத்துச் சேறாம் புள்ள. பூமிக்குள்ள ஆழத்துல போயி, மேல இருக்கிற கனத்துல அமுங்கி, சூட்டுல வெந்து கல்லாச்சாம். வெயிலும் மழையும் பட்டா ஏடு விட்டு மறுபடி மண்ணாப் போயிருமாம்."

"அப்ப இதுல எப்பிடிங்க அரைக்கிறது?"

"இது மிதிக்கத்தான். அரைக்க ஒனக்குக் கருங்கல்லுல ஒண்ணு அடிச்சுத் தர்றேன்."

எப்போது தந்தான்? அதை மட்டும் கேட்கக்கூடாது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வீட்டுக்கு ஒன்று அடித்தான். தோட்டத்துச் சனம் வரிசையாய்க் குடியிருக்கிற மேல்லயத்து ராசம்மா மகளுக்கு ஒன்று. கடைக்கார மஃறூப் நானா ஆசைப்பட்டார் என்று அவருக்கும் ஒன்று. எல்லாம் முதல்தரக் கருங்கல். பூரணி ஞாபகப்படுத்தினால், "நாளைக்குப் பாப்போம் புள்ள, நம்ம வீட்டுக் கல்லு எங்க ஓடிறப் போவுது" என்பான். கொஞ்ச வருசத்தில் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள் என்று சொல்லலாம். ஆனால் அதற்கும் பல் வேண்டுமே.

அவளுடைய கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து உடைந்தன. தோட்டத்து டிஸ்பென்சரியில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். கன்னம் ஒட்டிப்போனது.

"நாப்பது ஆவுறதுக்குள்ள கெழவியாயிட்டியே" என்று சின்னராசா கேலி செய்தான். அவளும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடைமழை. வெளியே போக வழியில்லாமல் அவன் அடுப்போரம் உட்கார்ந்திருந்தான். பூரணி அந்த மினுங்குகிற அம்மியிலேயே தேங்காய்ச் சம்பல் அரைத்தாள். மேலாக வழித்து அவன் தட்டில் ரொட்டியோடு வைத்தாள். பிள்ளைகளுக்கும் வைத்தாள். கல்லோடு ஒட்டிக்கிடந்ததைச் சுரண்டித் தன் ரொட்டியில் தடவிக்கொண்டாள். விளையாட்டாக அவன் அதில் ஒரு துண்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான். நறநறவென்றது.

"என்ன புள்ள, மண்ணாட்டம் இருக்கு?"

"அடியில அப்பிடித்தாங்க இருக்கும். மேலாக்க வழிச்சா ஒங்களுக்கும் புள்ளைகளுக்கும் கடிபடாது."

"எவ்வளவு காலமா இப்பிடித் திங்கிற?"

"அம்மி வந்த நாள்லேருந்துதான்."

அவன் அம்மியைப் பார்த்தான். நடுவில் தண்ணீர் தேங்குகிற அளவுக்குப் பள்ளம். அத்தனை கல்லும் எங்கே போயிருக்கும் என்று கல்லுடைக்கிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயிலிருந்ததை அடுப்புச் சாம்பலில் துப்பினான். பாவி, ஊருக்கெல்லாம் அடித்தேனே என்று நொந்துகொண்டான்.

அந்த வாரமே கருங்கல்லில் ஓர் அம்மி அடித்தான். அவன் கையில் அதுவரை அப்படியொரு அம்மி பிறந்ததில்லை. தோளில் சுமந்துவந்து லயத்து வாசலில் இறக்கினான். பூரணி கழுவி, உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கையில் ஒரு பொடி ஒட்டவில்லை.

"நல்ல கல்லுங்க. பெரியவ கலியாணத்துக்கு எடுத்து வைப்போம். இதுலயே மிதிக்கட்டும், இதுலயே அரைக்கட்டும்."

"ஒனக்குத்தான் புள்ள அடிச்சேன்."

"எனக்கு எதுக்குங்க? பல்லு போன வாய்க்கு இனிமே கஞ்சிதானே."

ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்று நின்றான். அவள் திட்டவில்லை. கஞ்சிக்கு உலை வைக்க உள்ளே போனாள்.