எச் இல்லாத திருச்செல்வம்

என் வீட்டுக்காரர் பெயரில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து உண்டா இல்லையா என்று இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. திருச்செல்வம் என்றால் திருச்செல்வம். ஆனால் அவர் பிறந்த தோட்டத்தில் பெயர் பதிந்த கிராணிக்கு எச் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பிறப்புப் பத்திரத்தில் அதை விட்டுவிட்டான். பின்னால் அடையாள கார்டு எடுத்தபோது அங்கிருந்தவன் எச் சேர்த்துவிட்டான். தோட்டத்துச் சனங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கூத்து உண்டு. ஒரே அப்பனின் பெயர் மூன்று பிள்ளைகளின் கார்டில் மூன்று விதமாக இருக்கும்.

அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து, பேச்சும் போய், புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் படுத்த படுக்கையானார். அரசாங்க உதவித்தொகைக்கு மனு போட்டோம். மாதம் ஐந்நூறு வெள்ளி கிடைத்தது. அவருக்குப் பேம்பர்ஸும் மூக்குக் குழாயில் ஊற்றும் பால்மாவும் அதில்தான். கடலுணவுக் கடையில் தட்டு கழுவி நான் கொண்டு வருவது வாடகைக்கும் அரிசிக்குமே இழுபறியாக இருக்கும்.

ஆறாவது மாதம் ஐந்நூறுக்குப் பதிலாக ஆயிரம் வந்தது. அடுத்த மாதமும் ஆயிரம். கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறி, டவுனில் இருந்த ஆப்பீசுக்குப் போய்க் கவுண்டரில் சொன்னேன். அங்கிருந்த மலாய்ப் பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

"ரெஜெக்கி காக்," என்று சிரித்தாள். கடவுளாகப் பார்த்து அளந்த படி, அக்கா, வாங்கிக்கொள் என்று அர்த்தம்.

வாங்கிக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு முதுகில் புண் வராமல் இருக்க மோட்டார் வைத்த காற்று மெத்தை வாங்கினேன். பாலை மூன்று வேளையிலிருந்து ஐந்து வேளையாக்கினேன். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது மனுஷனுக்கு. அந்த முகத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், அதுவும் உண்மை.

இப்படி இருபது மாதம் வந்த பிறகு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று எச் உள்ள திருச்செல்வத்துக்கு, இன்னொன்று எச் இல்லாதவருக்கு. கூடுதலாகப் பெற்ற பத்தாயிரம் வெள்ளியைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதுவரை உதவித்தொகை நிறுத்தம் என்று இரண்டிலும் ஒரே மாதிரி எழுதியிருந்தது. மனுவோடு பிறப்புப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கியவர்களே அதை வேறொரு ஆளாக்கி இரண்டாவது ஃபைல் திறந்திருக்கிறார்கள். படுத்திருந்த ஒரு மனுஷனை இரண்டு பேராக்கியது அவர்கள். தகவலை மறைத்தது நானாம்!

ராவாங்கில் ஃபேக்டரி வேலை பார்க்கும் என் மகள் ஷர்மினிக்குப் போன் போட்டேன்.

"நான்தான் போய்ச் சொன்னனேடி, அந்தப் பொண்ணுதான் வாங்கிக்கச் சொன்னா," என்றேன்.

"சொன்னீங்க, சரி. பிளேக் அண்ட் ஒயிட்ல இருக்காமா? லெட்டர் கொடுத்து சாப் வாங்குனீங்களா?"

"வாயால சொன்னேன்."

"அலாமா! சாப் இல்லாம அங்க ஒன்னும் நிக்காதுமா. எத்தனை தடவ சொல்றது?"

அந்தச் சிவப்பு மை முத்திரை இல்லாததால், ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நான் பஸ் ஏறிப் போனது நடக்கவே இல்லை என்றாகிவிட்டது. ஷர்மினியே மேல்முறையீடு எழுதினாள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் சாப் அடித்து வாங்கி வந்தேன். அதே பெண்தான் அடித்தாள். என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"பத்தாயிரத்த நான் எப்படியாச்சும் கொஞ்சங் கொஞ்சமா கட்டிர்றேன். அந்த ஐந்நூற மட்டும் நிறுத்தாதீங்க, அவருக்குப் பாலு அதுலதான்," என்று எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினேன்.

"குழு கூடித்தான் முடிவு பண்ணும் காக். காத்திருங்க."

காத்திருந்தோம். பால் மறுபடி மூன்று வேளையானது. பிறகு அதிலும் தண்ணீரைக் கூட்டினேன். நாளைக்கு நாலு பேம்பர்ஸ் மாற்றியவள் இரண்டோடு நிறுத்தினேன். ஷர்மினி தன் சம்பளத்தில் முடிந்ததை அனுப்பினாள், அவளுக்கும் ரூம் வாடகை இருக்கிறதே. மூன்றாம் மாதம் மெத்தை மோட்டார் கெட்டது. மாற்றக் காசில்லை. முதுகில் புண் வந்தது. கழுவும்போது அவர் கத்த முடியாமல் கண்ணை மட்டும் இறுக்கி மூடுவார். கடன் வாங்கியாவது மோட்டாரை மாற்றியிருக்க வேண்டும். ஏற்கனவே பத்தாயிரம் கடன்காரி என்று எழுத்தில் போட்டுவிட்டார்களே, இன்னும் எவரிடம் போய்க் கையேந்துவது என்று இருந்துவிட்டேன். பாவி நான்.

நாலாம் மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புண்ணிலிருந்து ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். மூன்றாம் தேதி விடியலில் போய்விட்டார்.

பன்னிரண்டாம் தேதி, கருமாதிச் செலவுக்கு என்ன இருக்கிறது என்று பார்க்கப் பேங்க் மெஷினில் கார்டைப் போட்டேன். ஐந்நூறு வெள்ளி புதிதாக ஏறியிருந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது, இந்த மாதம் முதல் உதவி தொடரும் என்று மறுநாள் கடிதமும் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐந்நூறை எடுத்து உறையில் போட்டேன். சாவுச் சான்றிதழில் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதே கவுண்டர், அதே பெண். சான்றிதழையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இறந்தது எந்தத் திருச்செல்வம் காக்?"

"எந்தத் திருச்செல்வமா?"

"சான்றிதழ்ல எச் இருக்கு. அந்த ஃபைலத்தான் மூடியாச்சே. இப்ப பணம் போறது எச் இல்லாதவருக்கு. அவர் இறந்ததா எங்ககிட்ட ஒன்னும் இல்ல."

"ஒரே ஆளு! என் புருஷன்! ரெண்டு பேரா ஆக்குனது நீங்க!"

"கத்தாதீங்க. பெயர் திருத்தத்துக்கு மனு போடுங்க, மூனு மாசம் ஆகும்."

"இந்தக் காச எடுத்துக்க."

"ரொக்கம் வாங்க மாட்டோம் காக். அதுவரைக்கும் வரும். ரெஜெக்கின்னு வச்சுக்குங்க."

அந்த வார்த்தைக்கு நான் போட்ட சத்தத்தில் ஆப்பீசே எழுந்து நின்றது. "தண்ணிப் பாலு ஊத்தி, முதுகு அழுகி செத்தாரு என் புருஷன்! செத்தப்புறம் என்னடி ரெஜெக்கி?" தமிழில்தான் கத்தினேன், மலாய் வாயில் வரவில்லை. காவல்காரர் வந்தார். சாப் அடித்துத் தராமல் நகர மாட்டேன் என்று கவுண்டர் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அடித்தாள். சாவுச் சான்றிதழின் நகலில், அவர் பெயருக்கு மேலேயே, 'பெறப்பட்டது' என்று மலாயில் சிவப்பாக விழுந்தது. தேதியும் போட்டுக் கொடுத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது ஷர்மினி கூப்பிட்டாள்.

"சாப் வாங்குனீங்களாமா?"

"வாங்கிட்டேன்டி. உங்கப்பா செத்ததுக்கு சாப் அடிச்சுக் கொடுத்துட்டாங்க. ஆனா ஒருத்தருக்குத்தான். இன்னொருத்தர் உசுரோட இருக்காராம், அவருக்கு மாசாமாசம் பால் காசு வருமாம்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.